ஊசி முனைக்கு மணிக் கணக்கு

டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200ஜி 2016-இல் வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 4,000 டாலர். அந்த வரிசையில் ஒன்றை வாங்கி முடித்தவர் கையில் கார்ட்ரிட்ஜுக்கென்று 200 டாலர்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு பெரிய டர்ன்டேபிளுக்கு இவ்வளவு சின்ன கார்ட்ரிட்ஜா என்று பலர் தயங்குவார்கள். தயங்கத் தேவையில்லை. 200 டாலரை எதில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் பதில்: ஊசியின் முனையில் போடுங்கள்.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, மணிக்கு 2,000 சுற்று. 500 மணி நேரம் கேட்டால் 10 லட்சம் சுற்று. தட்டின் வெளி விளிம்புக்கும் உள் விளிம்புக்கும் நடுவே பள்ளத்தின் சராசரிச் சுற்றளவு சுமார் 65 சென்டிமீட்டர். அப்படியானால் அந்த வைரத் துணுக்கு உரசிக் கடக்கும் தூரம் 650 கிலோமீட்டர். தேயாமல் என்ன செய்யும்?

எவ்வளவு நேரத்தில் தேயும் என்பதற்கு ஆடியோ-டெக்னிகா தருகிற கணக்கு: கூம்பு முனை 500 மணி, நீள்வட்ட முனை 300 மணி, ஷிபாட்டா 800 மணி, மைக்ரோலீனியர் 1,000 மணி. அதே நிறுவனத்தின் வி.எம்.95 வரிசையில் இந்த நான்கும் ஒரே உடலில் பொருந்தும். ஊசியை மட்டும் உருவி மாற்றலாம். அமெரிக்கச் சந்தையில் நீள்வட்டம் ஏறத்தாழ 70 டாலர், மைக்ரோலீனியர் ஏறத்தாழ 180. நம் ஊரில் சுங்கமும் டாலர் மதிப்பும் சேர்ந்து தொகை ஏறும். கணக்கின் போக்கு அப்படியே இருக்கும். 70-ஐ 300-ஆல் வகுத்தால் மணிக்கு 23 சென்ட். 180-ஐ 1,000-ஆல் வகுத்தால் 18 சென்ட். விலை கூடியதுதான் மலிவு.

கூம்பு முனை இன்னும் மலிவு. 40 டாலர் என்று வைத்தால் மணிக்கு 8 சென்ட்தான். ஆனால் அதில் இழப்பது எங்கே என்று பார்க்க வேண்டும். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியே 51 மைக்ரான் நீளம், உள்ளே 21 மைக்ரான். மேடு பத்து, பள்ளம் பத்து. கூம்பு முனையின் ஆரமே 15 மைக்ரான். அந்தப் பத்துக்குள் அது இறங்காது, மேலாகத் தடவிக்கொண்டு போகும். நீள்வட்டத்தின் குறுகிய பக்கம் 8 மைக்ரான், மைக்ரோலீனியரில் 3 மைக்ரான். எண்பதுகளின் எக்கோ நிறுவன எல்.பி. ஒன்றில் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டு, ‘ச’வும் ‘ஸ’வும் வரும் இடங்களில் காது வையுங்கள். கூம்பு முனையில் அங்கே சீறல் கேட்கும். நல்ல டர்ன்டேபிள் அதை மறைக்காது, இன்னும் துல்லியமாகவே எடுத்துக் காட்டும்.

கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் டர்ன்டேபிளின் கை (டோன்ஆர்ம்) அதற்குப் பொருந்துமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். டெக்னிக்ஸ் கையின் செயல் எடை 12 கிராம், வி.எம்.95 கார்ட்ரிட்ஜ் 6.1, திருகுகள் 1, மொத்தம் 19.1. மைக்ரோலீனியர் ஊசியின் நெகிழ்வு எண் 10 என்று போட்டிருப்பார்கள். அது 100 ஹெர்ட்ஸில் அளந்த ஜப்பானிய எண். 10 ஹெர்ட்ஸுக்கு மாற்ற 1.7-ஆல் பெருக்குவது வழக்கம், 17 வரும். 19.1-ஐ 17-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால், கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஒத்ததிரும் அலைவெண் 8.8 ஹெர்ட்ஸ். 8-க்கும் 12-க்கும் நடுவே இருந்தால் போதும்: தட்டின் வளைவு ஆட்டம் அதற்குக் கீழே, இசை அதற்கு மேலே. ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 7.2 கிராம், நெகிழ்வு 20. அதே கையில் 7.9 ஹெர்ட்ஸ். 8-க்குச் சற்றே கீழே என்றாலும் அதுவும் ஓடும். ஆனால் அதன் முனை நீள்வட்டம், விலையோ 100 டாலர் பக்கம்.

மூவிங் காயில் ஆசை எல்லோருக்கும் உண்டு. டெனான் டி.எல்.-103 ஜப்பான் வானொலிக்காக அறுபதுகளில் உருவான அருமையான பொருள், இன்றும் தயாராகிறது. ஆனால் அது தருவது 0.3 மில்லிவோல்ட். வி.எம்.95 மைக்ரோலீனியர் தருவது 3.5. பன்னிரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, அதாவது 21 டெசிபல். அந்த 21 டெசிபலை இரைச்சல் இல்லாமல் கூட்டித் தரும் ஃபோனோ பெட்டிக்குத் தனியாகப் பணம் வேண்டும். கார்ட்ரிட்ஜின் விலையே 300 டாலரைத் தாண்டும். முனை கூம்பு. தேய்ந்தால் ஊசியை மட்டும் உருவி மாற்ற முடியாது. 200 டாலர்காரருக்கு இது வேண்டாம்.

பழைய ஷூர் கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். ஷூர் 2018-இல் இந்தத் தொழிலையே நிறுத்திவிட்டது. மாற்று ஊசிக்கு வேறு நிறுவனங்களைத்தான் நம்ப வேண்டும்.

180 போக மிச்சம் 20 டாலர். அதில் ஒரு டிஜிட்டல் ஊசித் தராசு வாங்குங்கள். 2.0 கிராம் என்றால் 2.0 கிராம்தான் வைக்க வேண்டும். கையின் பின் எடையில் உள்ள கோடுகளை மட்டும் நம்பக் கூடாது. முனை கூராகக் கூராகச் சாய்வுப் பிழை கூடுதலாகக் கேட்கும். அதனால் தட்டின் மையத்திலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டர் என்ற இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கிறதா என்று தாளில் அச்சிட்ட கோணமானியை வைத்துப் பாருங்கள். அதற்குச் செலவு இல்லை. பொறுமையாக ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்தால் போதும்.

இப்போது கையில் 70 டாலர்தான் என்றால் நீள்வட்டத்தில் தொடங்கலாம். 300 மணி கழித்து மைக்ரோலீனியர் ஊசியை மட்டும் 150 டாலர் அளவில் வாங்கிச் செருகினால் மொத்தம் 220. நாற்பது டாலர் கூடுதல்தான், ஆனாலும் அதற்கு 300 மணி கேட்டிருப்பீர்கள். புது ஊசியின் 1,000 மணி என்பது 40 நிமிட எல்.பி. 1,500. நாளைக்கு இரண்டு தட்டு என்றால் இரண்டு வருடம் ஓடும்.