கம்ப்யூட்டரில் முதல் இடம் யாருக்கு?

சென்ற மே மாத விடுமுறையில் செஞ்சிக்குப் போயிருந்தேன். அங்கே என் சித்தப்பா சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார். கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "இதை மாத்திடலாம்னு பாக்கறேன்டா. ஒரு எழுத்து தட்டினா, நாம மறந்த பிறகு திரையில வருது" என்றார்.

தங்கையின் கல்லூரி விண்ணப்பத்திற்கு மறுநாள் கடைசி நாள். அதை நிரப்பி முடிப்பதற்குள் நேரம் முடிந்து, மூன்று முறை வெளியே தள்ளிவிட்டதாம். கம்ப்யூட்டர் வாங்கிய கடையில் கேட்டதற்கு, "பிராசசர் போதாது, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக அவர் எடுத்து வைத்திருந்தது, தங்கையின் முதல் வருடக் கட்டணத்திற்கான பணம்.

நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பின்னணியில் ஒரு கல்யாண வீடியோவை வேறு பார்மட்டிற்கு மாற்றும் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதன் செட்டிங்ஸில் பிரையாரிட்டியை 'ஹை' என்று மாற்றி வைத்திருந்தார். பிராசசரில் குறை எதுவும் இல்லை. முன்னுரிமைதான் தவறான இடத்தில் இருந்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பாட்டு கேட்கிறீர்கள், கடிதம் டைப் செய்கிறீர்கள், ஆன்டி வைரஸும் ஓடுகிறது. ஆனால் பிராசசரின் ஒரு கோர் ஒரு நொடிப்பொழுதில் ஒரு வேலையைத்தான் கவனிக்கும். வேலைகளை மிக வேகமாக மாற்றி மாற்றிக் கொடுப்பதால், எல்லாம் சேர்ந்து நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அடுத்து யார், எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் உள்ள ஷெட்யூலர்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், நெல் வரத்து அதிகமாக உள்ள நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எடை போட ஒரே ஒரு தராசுதான் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டரில் நூறு மூட்டையோடு ஒருவர் முதலில் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டே மூட்டையோடு ஒரு பெரியவர். வந்த வரிசைப்படி என்றால், பெரியவர் பாதி நாள் நிற்க வேண்டும். சிறிய வேலைக்கு முதல் இடம் என்றால், இரண்டு மூட்டைக்காரர்கள் வந்துகொண்டே இருக்கும் வரை டிராக்டருக்கு முறையே வராது. ஆளுக்கு ஐந்து மூட்டை என்று சுற்றி வந்தால் யாரும் அதிகம் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் வண்டியை நகர்த்தி, கணக்கு நோட்டைப் புரட்ட வேண்டும். அந்த நேரத்தில் எடை எதுவும் நடக்காது. கம்ப்யூட்டரில் இதற்குக் 'காண்டெக்ஸ்ட் ஸ்விட்ச்' என்று பெயர். அடிக்கடி மாறினால் கீபோர்டுக்கு உடனே பதில் கிடைக்கும், மொத்த வேலை சற்றுக் குறையும். அரிதாக மாறினால் நேர்மாறாக நடக்கும். இரண்டையும் முழுதாகத் தரும் ஷெட்யூலர் இதுவரை வரவில்லை.

பழைய விண்டோஸ் 3.1 இதில் இன்னும் மோசம். ஒரு புரோகிராம் தானாக விட்டுக்கொடுத்தால்தான் மற்றதற்கு இடம். அது சிக்கிக்கொண்டால் எல்லாமே நின்றுவிடும். இன்றைய விண்டோஸில் 0 முதல் 31 வரை முன்னுரிமைப் படிகள் உள்ளன. மேல் படியில் உள்ளது எப்போதும் கீழ்ப் படியை முந்திக்கொள்ளும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் விண்டோவிற்குக் கூடுதல் சலுகை உண்டு. நான்கு விநாடி அளவுக்கு முறை கிடைக்காமல் தவிக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் மேலே தூக்கியும் விடும். சர்வர்களுக்கான விண்டோஸில் ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் பல மடங்கு நீளம். அங்கே டைப் செய்பவர் யாரும் இல்லை, மொத்த வேலைதான் முக்கியம்.

லினக்ஸ் உலகில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இருந்த ஷெட்யூலர், எந்தப் புரோகிராம் அதிகம் தூங்குகிறதோ அது மனிதருக்காகக் காத்திருக்கிறது என்று ஊகித்துச் சலுகை கொடுத்தது. ஊகம் தவறினால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவராக இருந்த கான் கோலிவாஸ், வீட்டுக் கம்ப்யூட்டர்களை யாரும் கவனிப்பதில்லை என்று தானே ஒரு ஷெட்யூலர் எழுதினார். ஊகமே வேண்டாம், சமமாகப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்பது அவர் வாதம். 2007 அக்டோபரில் 2.6.23 கெர்னலில் இடம் பிடித்தது இங்கோ மோல்னார் எழுதிய சி.எப்.எஸ். சமப் பங்கீடு பலிக்கும் என்று காட்டியவர் கோலிவாஸ் என்பதை மோல்னாரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கோலிவாஸ் மனம் வெறுத்து அந்த ஆண்டே விலகிவிட்டார். (2009ல் வேறொரு ஷெட்யூலரோடு திரும்பி வந்தார், அது தனிக் கதை.) என்னைக் கேட்டால், நம்மைப் போன்ற வீட்டு உபயோகிப்பாளர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இதுவரை குறைவாக எடை போட்டவர் யாரோ, அடுத்த முறை அவருக்கே. இதுதான் சி.எப்.எஸ். முறை. 2023ல் வந்த 6.6 கெர்னலில் இதன் இடத்தை ஈ.ஈ.வி.டி.எப். பிடித்தது. அது பங்கோடு கெடுவையும் பார்க்கிறது. கொஞ்ச நேரம் போதும், ஆனால் சீக்கிரம் வேண்டும் என்கிற வேலைக்கு அதில் வழி உண்டு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். முதலில் சி.பி.யு. அளவைப் பாருங்கள். மெமரியோ டிஸ்கோ நிரம்பி வழிந்தால் அது வேறு நோய். இந்த மருந்து வேலை செய்யாது. சி.பி.யு.தான் என்றால் 'டீடெய்ல்ஸ்' டேபில் அந்தப் புரோகிராமின் மீது ரைட் கிளிக் செய்து, 'செட் பிரையாரிட்டி' சென்று 'பிலோ நார்மல்' தேர்ந்தெடுங்கள். புரோகிராமை மூடித் திறந்தால் இது பழைய நிலைக்குப் போய்விடும். லினக்ஸில் இதற்கு 'நைஸ்' எண் உள்ளது, -20 முதல் 19 வரை. எண் கூடக் கூட அந்தப் புரோகிராம் மற்றவற்றுக்கு விட்டுக்கொடுக்கும்.

'ரியல்டைம்' பக்கம் மட்டும் போகாதீர்கள். கல்லூரி நாளில் நான் ஒரு முறை போனேன். மவுஸ் கூட நகரவில்லை. பவர் பட்டனை அழுத்தித்தான் மீண்டேன்.

சித்தப்பாவின் வீடியோ புரோகிராமில் 'ஹை'யை எடுத்துவிட்டு, 'பிலோ நார்மல்' வைத்தேன். தங்கை அன்றிரவே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். வீடியோ மட்டும் இரவில் முடியாமல் காலை வரை ஓடியது. "கல்யாண வீட்டுக்காரங்க சாயந்திரம்தானே வருவாங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா டீ போடப் போனார்.