முதலில் ஹோஸ், அப்புறம்தான் பூஸ்ட்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறையை, வைத்திருப்பவர்கள் 'எஃப்டி' என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷப் பழைய எஃப்டி ஒன்று கைக்கு வந்ததும், புது உரிமையாளர் செய்யும் முதல் செலவு பெரும்பாலும் சைலன்ஸருக்குத்தான். கம்பெனி பைப்பை மொத்தமாகக் கழற்றிவிட்டு, மூன்று இஞ்ச் விட்டமுள்ள ஸ்டீல் பைப்பை டர்போவிலிருந்து பின் பம்பர் வரைக்கும் மாட்டிவிடுவார். சத்தம் பிரமாதமாக இருக்கும். வண்டியும் முன்னைவிடச் சீறிப் பாயும். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இன்ஜின் போய்விடும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் இந்தக் காரில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி. வெளியேறும் புகையின் வேகம்தான் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்த அழுத்தம்தான் பூஸ்ட். அது அளவைத் தொட்டதும் 'வேஸ்ட்கேட்' என்ற சின்னக் கதவு திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே விட்டுவிடும். எஃப்டியில் அந்தக் கதவின் துவாரம் சிறியது. கம்பெனி சைலன்ஸரும் அதன் வழியில் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களும் புகையை ஓரளவு தடுத்து வைத்திருந்த வரைக்கும் அந்தத் துவாரம் போதுமானதாக இருந்தது. தடையை எடுத்துவிட்டால் கதவு முழுசாகத் திறந்தும் போதாது; சக்கரம் மேலும் மேலும் வேகமெடுக்கும். 10 பி.எஸ்.ஐ.யில் நிற்க வேண்டிய பூஸ்ட் தானாகவே மேலே ஏறிக்கொண்டு போகும். குளிர்ந்த இரவில் இன்னும் மோசம், குளிர்காற்று அடர்த்தியானது. காற்று கூடுகிறது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் கூடவில்லை. கலவை நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கிறது. ஏபெக்ஸ் சீல் என்ற 2 மி.மீ. தடிமன் உலோகப் பட்டை ஒன்று உடைகிறது. உடைந்த துண்டு புகையோடு வெளியேறும்போது டர்போவின் இறக்கைகளையும் சிதைத்துவிட்டுத்தான் போகும்.

பூஸ்ட் அளவுக்கு மீறினால் பெட்ரோலை நிறுத்திவிடும் ஏற்பாடு கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை ஏமாற்றுவதற்கென்றே ஒரு குட்டிப் பெட்டி கடையில் கிடைக்கும். அதையும் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஒரு இன்ஜினுக்குச் செய்யக்கூடிய துரோகங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் மாஸ்டா என்றால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த அதே மாஸ்டாதான் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் ரோட்டரி இன்ஜினைச் சாலைக்குக் கொண்டுவந்தது. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. பக்கங்கள் லேசாக வளைந்த முக்கோண வடிவ ரோட்டார், நடுவில் சற்று ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழல்கிறது. காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது எல்லாம் அந்தச் சுழற்சியிலேயே நடந்துவிடும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் கூட்டை உரசிக்கொண்டே போவதுதான் ஏபெக்ஸ் சீல். ஆரம்பகாலத்தில் அது கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டது. மாஸ்டாவில் ரோட்டரியை உருவாக்கிய கெனிச்சி யமமோட்டோவின் குழு அதற்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பேர் வைத்து, அதை ஒழிக்க வருஷக்கணக்கில் போராடியது. 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி ஜெயித்தது நான்கு ரோட்டார் இன்ஜினோடு. அதே வருஷக் கடைசியில் ஜப்பானில் எஃப்டி விற்பனைக்கு வந்தது. 2002 வரை அங்கே தயாரானது. அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரையிலான மாடல்கள் மட்டுமே விற்றன.

எஃப்டியின் இன்ஜினில் இரண்டு ரோட்டார், 1,308 சிசி. நம் ஊருக்கு முதலில் வந்த மாருதி ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் இன்ஜின் 1,298 சிசி. ஏறக்குறைய அதே அளவிலிருந்து எஃப்டி எடுத்தது 255 குதிரைசக்தி. அதற்காக மாஸ்டா போட்ட ஏற்பாடுதான் இரட்டை டர்போ. இரண்டும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வேலை செய்யாது. முதலாவது தனியாக ஆரம்பிக்கும். 4,500 ஆர்.பி.எம். வரைக்கும் அதன் ஆட்சி. அதற்குள்ளாகவே கொஞ்சம் புகையைத் திருப்பிவிட்டு இரண்டாவதையும் சுழல வைத்து, அது தரும் காற்றை வெளியே விட்டுக்கொண்டு தயாராக வைத்திருப்பார்கள். 4,500-இல் புகையையும் காற்றையும் வழிமாற்றும் கதவுகள் மாறும். இரண்டும் சேரும். மீட்டரில் பார்த்தால் 10 பி.எஸ்.ஐ., ஒரு கணம் 8, மறுபடி 10. இந்தக் காரோடு பழகியவர்களுக்குப் 'பத்து-எட்டு-பத்து' என்று சொன்னாலே போதும். கார் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதற்கு அவர்களிடம் உள்ள முதல் சோதனை அதுதான்.

அந்தக் கதவுகளை இயக்குவது மின்மோட்டார் அல்ல, காற்று. இன்ஜினின் வாக்குவத்தையும் டர்போவின் அழுத்தத்தையும் இரண்டு சின்னத் தொட்டிகளில் சேமித்து வைத்து, சோலனாய்டு என்ற மின்வால்வுகள் வழியாக வேண்டிய கதவுக்கு அனுப்புகிறார்கள். இதற்காக மெல்லிய ரப்பர் ஹோஸ்கள் டஜன் கணக்கில் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் பின்னிக் கிடக்கின்றன. எலிக்கூடு என்றுதான் அதற்குப் பெயர். கீழே இன்ஜின் சூடு, பக்கத்தில் இரண்டு டர்போவின் சூடு. முப்பது வருஷத்தில் அந்த ரப்பர் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளைத்தால் வளையாது, உடையும்.

வீட்டுக் கேரேஜில் எஃப்டியைத் தூக்கி நிறுத்தும் ஒருவர் பெரிதாக எடுத்துச் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த ஹோஸ்களை மாற்றுவதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். இதனால் ஒரு குதிரைசக்திகூட அதிகமாகாது. காரைப் பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. ஆனால் இதைச் செய்யாமல் மேலே எதைப் போட்டாலும் அது ஓட்டைமேல் கட்டிய வீடு.

வேலை இப்படி நடக்கும். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, மேல் மேனிஃபோல்டைத் தூக்கி எடுத்தால் எலிக்கூடு தெரியும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிய்த்துப் போட்டால் திரும்ப மாட்டுவதற்குள் விடிந்துவிடும். பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு ஹோஸைக் கழற்றினால் அதே நீளத்துக்குப் புது சிலிக்கான் ஹோஸை வெட்டி, அதே இடத்தில் மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இறுகிப்போன பழைய ஹோஸை இழுத்துப் பிடுங்கக் கூடாது. அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் முனையும் சேர்ந்து முறிந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுப்பதுதான் முறை. நடுநடுவே சின்னப் பித்தான் அளவில் ஒருவழி வால்வுகள் வரும். ஒரு பக்கம் ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கம் ஊதினால் போகக் கூடாது. வாயில் வைத்து ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் போனால் குப்பைக்கு. நல்லதைத் திருப்பி மாட்டிவிட்டாலோ இரண்டாவது டர்போ சேரவே சேராது. ஒவ்வொரு சோலனாய்டுக்கும் 12 வோல்ட் கொடுத்து, 'டிக்' சத்தம் வருகிறதா, காற்றின் பாதை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் மட்டும் வந்து பாதை மாறாத சோலனாய்டுகள் உண்டு. கதவுகளை இழுக்கும் ஆக்சுவேட்டர்களைக் கைப்பம்பால் சோதிக்கலாம். வாக்குவம் கொடுத்ததும் தண்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. சிலிக்கான் ஹோஸ் காற்றுக்கும் வாக்குவத்துக்கும் மட்டும்தான். பெட்ரோல் பட்டால் அது ஊறிக் கெட்டுவிடும். அதே இடத்தில் பக்கத்திலேயே ஓடும் பெட்ரோல் ஹோஸ்களுக்கு, அதற்கென்று செய்த இன்ஜெக்ஷன் ஹோஸைத்தான் போட வேண்டும். மேனிஃபோல்டைத் திறந்த கையோடு, பெட்ரோல் அழுத்தத்தின் துடிப்பை அடக்கும் ஃப்யூயல் பல்சேஷன் டாம்பரையும் பார்த்துவிடுங்கள். அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின்மேல் சொட்டும். எஃப்டிகள் எரிந்துபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதையெல்லாம் மறுபடி திறக்க யாருக்கும் மனசு வராது. அதனால் திறந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

அடுத்த எதிரி சூடு. ரோட்டரி இன்ஜின் டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காக வைத்து இறுக்கியது. ஓர் அடுக்கு இரும்பு, அடுத்தது அலுமினியம், மறுபடி இரும்பு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகும் நீண்ட போல்ட்டுகள். அடுக்குகளுக்கு நடுவில் கூலன்ட் வெளியே வராமல் ரப்பர் வளையங்கள் காக்கின்றன. இரும்பும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஒரு தடவை நன்றாகச் சூடேறிவிட்டால் அந்த வளையங்களின் ஆயுள் குறைந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, காரணமில்லாமல் குறையும் கூலன்ட், ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓட விட்டால் குமிழி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

சூட்டுக்கு வழி திறந்துவிடுவது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் தொட்டி அது. பல வருஷம் வெந்தபின் தையல் மாதிரி இருக்கும் இணைப்பில் விரிசல் விடும். அலுமினியத்தில் செய்த மாற்றுத் தொட்டி கிடைக்கிறது. அதைப் போடாமல் ஒரு வெயில்காலத்தைக் கடக்க நினைப்பது வீண் துணிச்சல். கம்பெனி ஃபேன் 100 டிகிரியைத் தாண்டிய பிறகே சுற்ற ஆரம்பிக்கும். இன்னும் கீழேயே சுற்ற வைக்கும் சுவிட்சை மாட்டலாம். டாஷ்போர்டில் இருக்கும் டெம்ப்ரேச்சர் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. பெரிய வீச்சுக்கு அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். முள் நகர ஆரம்பிக்கும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். டிகிரியை எண்ணாகவே காட்டும் மீட்டர் ஒன்று, பூஸ்ட் மீட்டர் ஒன்று, பெட்ரோல்-காற்று விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று. மாற்றியமைப்பது என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்த மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும்.

இன்ஜினின் உடல்நிலையை வீட்டிலேயே பார்க்க முடியும். சாதாரண கம்ப்ரஷன் மீட்டரில் இருக்கும் காற்று நிறுத்தும் வால்வைக் கழற்றிவிட்டு, சூடான இன்ஜினில், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் முள் துள்ளும். ரோட்டாருக்கு மூன்று பக்கம், மூன்று துள்ளல். மூன்றும் ஒரே உயரமாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தில் சீல் போய்விட்டது. ஸ்பார்க் பிளக் நான்கு. ரோட்டாருக்கு இரண்டு, லீடிங் ஒன்று, ட்ரெய்லிங் ஒன்று. இரண்டின் சூட்டுத் தரம் வேறு வேறு. ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டிவிடக் கூடாது. ஆயில் குறைகிறதே என்று புதிதாக வாங்கியவர்கள் பயப்படுவார்கள். சீல்களுக்கு மசகாக, இந்த இன்ஜின் தானாகவே கொஞ்சம் ஆயிலை எரிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அடிக்கடி டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றினால் போதும். யமஹா ஆர்எக்ஸ்100-க்கு ஊற்றிய அதே ரகத்தில், டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கொஞ்சம் கலந்து ஓட்டுகிறவர்களும் நிறைய. எனக்கு அது நல்ல பழக்கமாகவே படுகிறது.

இத்தனையும் முடிந்த பிறகு சக்தியைப் பற்றிப் பேசலாம். வரிசை முக்கியம். டர்போவை ஒட்டியிருக்கும் முதல் கன்வெர்ட்டர் பயங்கரமாகச் சூடேறி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் வறுக்கும். அதற்குப் பதிலாக 'டவுன்பைப்' என்ற வெறும் பைப்பைப் போடுவது இன்ஜின் அறையின் சூட்டைக் குறைப்பதால் அதை நான் பராமரிப்புக் கணக்கிலேயே சேர்ப்பேன். ஆனால் அதற்கு மேல் பைப்பைத் திறந்தால், முதலில் வேஸ்ட்கேட்டின் துவாரத்தைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். கம்பெனி கம்ப்யூட்டரின் இடத்தில் அபெக்ஸி பவர் எஃப்சி போன்ற, எரிபொருள் அளவை மாற்றியமைக்கக்கூடிய ஒன்றை மாட்டி, தெரிந்தவரிடம் டியூன் செய்ய வேண்டும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் சின்ன இன்டர்கூலரை மாற்றுவதும் அந்த வரிசையில்தான். மற்ற இடங்களில் எப்படியோ, சட்டப்படி புகைச் சோதனை உள்ள ஊர்களில் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஓட்ட முடியாது. கலிஃபோர்னியாக்காரர்கள் இதற்காகவே கம்பெனி பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

எலிக்கூட்டைப் பார்த்து அலுத்தவர்கள், கதவுகளையெல்லாம் நிரந்தரமாகத் திறந்து கட்டி, இரண்டு டர்போவையும் எப்போதும் சேர்ந்தே ஓட விடுவதுண்டு. ஹோஸ் தொல்லை போகும், கீழ்வேகத்தில் இருந்த உடனடி இழுப்பும் போகும். இன்னும் சிலர் இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே பெரிய டர்போ. பந்தயத் தடத்துக்கு அது நியாயம்தான். தெருவில் ஓட்டும் காருக்கு எனக்குச் சம்மதமில்லை. அந்த 4,500-இல் நடக்கும் கைமாற்றம், கம்ப்யூட்டர்கள் இவ்வளவு சுலபமாக இல்லாத காலத்தில், காற்றையும் ரப்பரையும் வைத்துச் சாதித்த காரியம். சரியாக வேலை செய்யும் ஒரு எஃப்டியை மூன்றாவது கியரில் போட்டு, மீட்டரில் பத்து, எட்டு, பத்து என்று முள் போவதைப் பார்த்தவர்கள் அதைக் கழற்றிப் போட மாட்டார்கள்.

உதிரிபாகம்தான் இனி பெரிய கவலை. 2020 கடைசியில் மாஸ்டா, எஃப்டிக்கும் அதற்கு முந்தைய தலைமுறையான எஃப்சிக்கும் சில பாகங்களைத் திரும்பத் தயாரிப்பதாக அறிவித்தது நல்ல செய்தி. எல்லாப் பாகமும் அந்தப் பட்டியலில் இல்லை. மேனிஃபோல்டைத் திறக்கும் தேதியைக் குறிப்பதற்கு முன்பே கேஸ்கட், ஓ-ரிங், ஒருவழி வால்வு, ஒன்றிரண்டு நல்ல சோலனாய்டு எல்லாம் கைக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.