அடி வாங்க வாங்க இறுகும் எஃகு

அரிவாள் அடிக்கும் கொல்லருக்குத் தெரியும்: பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், மெல்ல ஆறவிட்டால் இளகும். மாங்கனீசு எஃகில் இந்தக் கணக்கு தலைகீழ்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற இளைஞர் கண்டெடுத்த உலோகம் இது. மாங்கனீசு கொஞ்சம் கூடினாலே எஃகு நொறுங்கிவிடும் என்று அப்போது நம்பினார்கள். அவரோ 12 விழுக்காடு அளவுக்குச் சேர்த்துப் பார்த்தார். கூடவே சுமார் 1 விழுக்காடு கரிமம். கிடைத்த எஃகு காந்தத்தில் ஒட்டவில்லை!

வார்த்தெடுத்த நிலையில் இதற்கு மதிப்பில்லை. மெல்ல ஆறும்போது கரிமம் கார்பைடாகப் பிரிந்து, உலோகத் துகள்களின் எல்லைகளில் படிகிறது. அடித்தால் அந்த எல்லை வழியே விரிசல் ஓடும். ஆகவே 1000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, கார்பைடைக் கரைத்து, அது மறுபடி பிரிய நேரம் தராமல் சட்டென்று நீரில் அமிழ்த்துகிறார்கள். அதன்பின் எஃகு இழுத்தால் நீளும், வளைத்தால் வளையும். பிரினெல் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 200 அளவில்தான் இருக்கும்.

உண்மையான வலிமை அடுத்துதான் வருகிறது. இந்தத் தகட்டைச் சூடாக்காமல் உருளைகளுக்கிடையே நசுக்கி மெலிதாக்கினால், உள்ளே அணு அடுக்குகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் மடங்கி, நெருக்கமான மெல்லிய சுவர்களாக எழும்புகின்றன. நழுவ முயலும் அணுக்களை அவை தடுக்கின்றன. விளைவு, தகடு நிரந்தரமாக வளையத் தொடங்கும் சுமை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. நீளும் குணம் அந்த அளவுக்குக் குறைகிறது.

அளவுக்கு மீறி இறுகிவிட்டால் என்ன செய்வது? மறுபடி அதே உயர்வெப்பத்துக்கு ஏற்றி நீரில் தணிக்க வேண்டும். பழைய துகள்கள் அழிந்து புதிய நுண்துகள்கள் பிறக்கும். 500, 600 பாகையில் அரைகுறையாகச் சூடாக்குவதுதான் ஆபத்து. கார்பைடு திரும்பப் படிந்து எஃகைக் கெடுத்துவிடும். இந்த எஃகைப் பற்றவைப்பவர்கள் சூடு பரவாமல் விட்டு விட்டு வேலை செய்வது இதனால்தான்.

கருங்கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர்களின் தாடைத் தகடுகளுக்கு உருளைகூட வேண்டாம், கல்லே அடித்து இறுக்கிவிடும். தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் பதிக்கும் வார்ப்புகளுக்கு ரயில் சக்கரங்கள் அதைச் செய்கின்றன. சில நாடுகளில் அதுவரை காத்திருப்பதில்லை. வார்ப்பின் மேல் வெடிமருந்துத் தகட்டைப் பரப்பி வெடிக்கச் செய்து, மேற்பரப்பை முன்கூட்டியே இறுக்கிய பிறகே தண்டவாளத்தில் பொருத்துகிறார்கள்.