இடுப்பு மூட்டும் ஊன்றுகோலும்

வலப்புற இடுப்பில் வலியுள்ள முதியவர் ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலக்கையில் என்றே பலரும் விடையிறுப்பர். சரியான விடை இடக்கை என்பதாகும். காரணத்தை உணர, அம்மூட்டின் அமைப்பை அறிதல் வேண்டும்.

இடுப்பெலும்பின் இரு புறங்களிலும் கிண்ணம் போன்ற ஆழ்ந்த குழி உண்டு. உரோமானியர் காடி வைத்த சிறு கிண்ணத்தின் பெயரையே மருத்துவ நூலார் அதற்கு இட்டனர். உடலின் மிக நீண்ட எலும்பாகிய தொடை எலும்பின் உருண்டைத் தலை அக்குழியினுள் பொருந்துகிறது. தோள் மூட்டும் இவ்வகையினதே. ஆயினும் அதன் குழி ஆழமற்றது. தோள் அசைவுக்காக உறுதியை விட்டுக்கொடுக்கிறது. இடுப்போ உறுதிக்காக அசைவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறது.

முழங்கால் மடங்கியிருப்பின் இடுப்பு ஏறத்தாழ 120 பாகை மடங்கும். முழங்கால் நீண்டிருப்பின், தொடையின் பின்புறத் தசைகள் இழுத்துப் பிடிப்பதால் ஏறத்தாழ 90 பாகையிலேயே நின்றுவிடும். ருகூஉவில் பலருக்குத் தொடையின் பின்புறம் இழுப்பதும், ஸஜ்தாவில் அவ்விழுப்பு இல்லாதிருப்பதும் இதனாலேயே.

நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது மூட்டு ஒரு துலாக்கோலின் தாங்குபுள்ளியாகிறது. ஒருபுறம் உடலின் எடை. மறுபுறம் அதைச் சரியாமல் இழுத்துப் பிடிக்கும் பிட்டத்தின் பக்கத் தசைகள். 60 கிலோ எடையுள்ளவரின் ஊன்றிய கால் ஏறத்தாழ 10 கிலோ. எஞ்சிய 50 கிலோ மூட்டின் மேல் அமைகிறது. அவ்வெடை மூட்டிலிருந்து விலகியுள்ள தூரம், தசைகள் விலகியுள்ள தூரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே தசைகள் 100 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டை அழுத்துவது 150 கிலோ! இத்தசைகள் தளர்ந்தால், ஊன்றிய காலுக்கு எதிர்ப்புறத்தில் இடுப்பு தாழ்ந்துவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895ஆம் ஆண்டில் இவ்வடையாளத்தை விளக்கினார்.

இனி ஊன்றுகோலுக்கு வருவோம். வலக்கால் நிலத்தில் ஊன்றும்போது தாழ முற்படுவது இடப்புறம். இடக்கைத் தடி அதனைத் தாங்குகிறது. மூட்டிலிருந்து வெகுவாக விலகியிருப்பதால், சிறிதளவே ஊன்றினும் தசைகளின் சுமையைப் பெரிதும் குறைக்கிறது. வலியுள்ள புறத்திலேயே பிடித்தால் இப்பயனில் பெரும்பகுதி கிட்டாது.

ஆகவே இல்லத்துப் பெரியவரிடம் ஊன்றுகோலைத் தரும்போது, வலி எப்புறம் என்று கேட்டு, மறு கையில் தருக. கையைத் தொங்கவிட்டால் அதன் பிடி மணிக்கட்டளவில் இருக்கட்டும். தடியும் வலியுள்ள காலும் ஒருசேர முன்செல்லட்டும்.