பிழையைத் திருத்தலாம், பிள்ளையை வருத்தலாமா?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளை ஆசையோடு ஓடி வந்து, "மாமா, நேத்து நாம சர்க்கஸ் பார்த்தோம்" என்கிறது. மாமாவோ சர்க்கஸ் பக்கமே போகவில்லை. "நாம இல்லேடா, நாங்க! இதுகூடத் தெரியாதா?" என்று அப்பா சிரிக்கிறார். கூட இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். பிள்ளை மீதிக் கதையை இந்தியில் சொல்லி முடிக்கிறது. அடுத்த முறை கதை தொடங்குவதே இந்தியில்தான்!

பிழை திருந்தியது, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. இந்த வியாபாரத்தில் நமக்கு லாபமா, நஷ்டமா?

பிழை எங்கிருந்து வருகிறது?

அந்தப் பிள்ளை அறியாமையால் தவறு செய்யவில்லை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்' என்று தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். பள்ளியிலும் விளையாட்டு மைதானத்திலும் நாள் முழுதும் இந்தி பேசும் குழந்தைக்கு இந்த வேற்றுமை தானாக வருமா? ஒலிகளும் அப்படியே. மராத்தியிலும் கன்னடத்திலும் 'ள' உண்டு. இந்தியிலும் வங்காளத்திலும் அது வழக்கில் இல்லை. ஆகவே கல்கத்தாவில் வளரும் குழந்தை 'பள்ளி'யைப் 'பல்லி' என்றால் அது காதின் பழக்கமே தவிர, சோம்பல் அல்ல. 'ழ'கரத்தின் கதையோ தமிழ்நாட்டிலேயே நாம் அறிந்ததுதான்.

இலக்கணத்தின் பெருந்தன்மை

திருத்துகிறவர்கள் நக்கீரரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் ஏ.பி.நாகராஜன் நக்கீரராகவும் நாகேஷ் தருமியாகவும் நடித்ததை யார் மறப்பார்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நக்கீரர் வாதாடியது புலவர் அவையில், தம்மைவிட வலியவரோடு. அதுவும் பாட்டின் பொருளைப் பற்றி. எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் குழந்தையிடம் நாம் காட்டும் அதட்டலுக்கு அவர் சாட்சியாக மாட்டார்.

நம் இலக்கண நூல்களே நம்மைவிடப் பெருந்தன்மையானவை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் 'வழு' என்று பிழையைச் சொன்னதோடு, 'வழுவமைதி' என்றும் ஒன்று வைத்திருக்கிறார். பிழைதான், ஆனால் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். பசுவைப் பார்த்து "என் அம்மா வந்துட்டா" என்று மகிழ்வது திணை வழுவமைதி. மகளை "வாடா கண்ணா" என்று கொஞ்சுவது பால் வழுவமைதி. "அப்பா நாளைக்கு ஊரிலிருந்து வருகிறார்" என்பது கால வழுவமைதி. அன்புக்கும் மகிழ்ச்சிக்கும் இலக்கணமே விட்டுக்கொடுக்கிறதே! தஞ்சாவூரைத் தஞ்சை என்றும், கோயம்புத்தூரைக் கோவை என்றும் சுருக்குவதற்கும் 'மரூஉ' என்று பெயர் சூட்டி உள்ளே சேர்த்துக்கொண்டது.

பிழை அல்லாத பிழைகள்

பல சமயம் நாம் திருத்துவது பிழையே அல்ல. நம் சங்கக் கூட்டத்தில் "அவுக வந்தாக" என்று ஒருவர் பேசினால் அது தென்பாண்டி வழக்கு. "ஏனுங்க" என்றால் கொங்குத் தமிழ். இதையெல்லாம் 'திருத்த' முற்படுவது ஒருவருடைய ஊரையே திருத்துவது போலாகும். எழுத்திலும் அப்படித்தான். பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 1978-இல். அதற்குமுன் பள்ளியில் படித்த தாத்தா 'லை', 'னை' போன்றவற்றைப் பழைய கொம்போடு எழுதினால் அது பிழை அல்ல, பழைய வடிவம். பேரக் குழந்தைக்கு இதை ஒருமுறை சொல்லிவைத்தால் தாத்தாவின் கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காது.

அப்படியானால் விட்டுவிடுவதா?

கூடாது. சில இடங்களில் பிழை பொருளையே மாற்றிவிடும். 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகனின் ஆயுதத்தைக் கேட்கிறோம். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. ஓர் ஒற்றெழுத்து செய்யும் வேலை இது. திருமண அழைப்பிதழ், விழா மேடைப் பதாகை, மாணவரின் தேர்வுத்தாள், அச்சுக்குப் போகும் கட்டுரை ஆகியவற்றைத் தயங்காமல் திருத்த வேண்டும். அதுவும் அச்சாகும் முன்பே, எழுதியவரிடம் தனியாக. விழா முடிந்தபின் பதாகையைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பதால் தமிழுக்கு ஒரு நன்மையும் இல்லை.

பேச்சில் வேறு முறை வேண்டும். குழந்தை "நாம பார்த்தோம்" என்றால், "அப்படியா? நீங்கள் மட்டும் பார்த்தீங்களா, என்னை விட்டுட்டீங்களே! 'நாங்க பார்த்தோம்'னு சொல்லு, அப்புறம் யானை என்ன செய்தது?" என்று கேளுங்கள். சரியான சொல் காதில் விழுந்துவிடும், கதையும் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு பிழை போதும். பிறர் முன்னால் வேண்டாம். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் குழந்தை அடுத்த முறை தானே கண்டுபிடிக்கும்.

பெரியவர்களுக்குள்ளும் இது பொருந்தும். 'முயற்சிக்கிறேன்' என்று எழுதிய நண்பரிடம் 'முயல்கிறேன்' என்பதே சரி என்று மெதுவாகச் சொல்லலாம். முதலில் அவர் எழுதிய கருத்துக்கு ஒரு நல்ல வார்த்தை, பிறகு பிழை. திருத்தப்படுகிறவரும் முகம் சுளிக்காமல் நன்றி சொன்னால் இருவருக்கும் மரியாதை.

வெளியூரில் தமிழுக்கு இருக்கும் இடம் நம் வீட்டுக் கூடமும் சங்க மண்டபமும்தான். அங்கே பிழையோடு பேசும் பிள்ளையை நாளை திருத்திக்கொள்ளலாம். பேசுவதையே நிறுத்திவிட்ட பிள்ளையிடம் எதைத் திருத்துவோம்?