டிபி பாக்ஸுக்கு மேல தண்ணி பைப் போகுதா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி பாருங்க

அவனியாபுரம், வில்லாபுரம் பக்கம் இரண்டு சென்ட் இடத்துல கட்டின தனி வீடுகளைப் பார்க்கப் போயிருப்பீங்க. நிறைய வீட்டுல மாடிப்படிக்குக் கீழதான் ஈபி மீட்டர், மெயின் ஸ்விட்ச், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் இருக்கும். அதே சுவர்ல, அதுக்கு நேர் மேல, மாடி டேங்குக்குப் போற பிவிசி பைப். கட்டினவருக்கு இடமும் மிச்சம், பைப்பும் மிச்சம். நாமளோ டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்த்துட்டு, எவ்வளவு லோன் கிடைக்கும்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடுறோம்.

அந்தச் சுவரையும் ஒரு நிமிஷம் பாருங்க. 20 வருஷம் இஎம்ஐ கட்டப்போறது நீங்கதான்.

பைப் உடைஞ்சு கொட்டணும்னு இல்ல, எல்போ ஜாயின்ட்ல சொட்டுச் சொட்டா கசிஞ்சாலே போதும். ஒயர் வர்ற குழாய் பெரும்பாலும் டிபி பாக்ஸோட மேல்பக்கமா உள்ள இறங்கும். தண்ணிக்கும் அதுவே வழி. உள்ள ஸ்குரூ பச்சை பூத்து, பிடி தளர்ந்து, ஏசியும் மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது அந்த இடம் சூடாகும். கருகல் வாடை வந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

"எம்சிபி இருக்கே?"ன்னு கேட்பீங்க. 16 ஆம்பியர் எம்சிபி, கரன்ட் 16-ஐ நல்லாத் தாண்டினாத்தான் விழும். ஈரச் சுவரைத் தொட்ட ஆளைக் கொல்ல அதுல நூத்துல ஒரு பங்கே போதும். அந்தக் கசிவைப் பிடிக்கிறது ஆர்சிசிபி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு கேட்டு வாங்குங்க. சில ஆயிரம் ரூபாய்தான். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒருமுறை அழுத்திப் பாருங்க, விழணும். ஆனா அது பைப்பை மாத்துறதுக்கு பதில் ஆகாது. தளர்ந்த ஸ்குரூ சூடாகுறது அதுக்குத் தெரியாது.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 2021 ஏப்ரல்ல வந்த பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில தண்ணி டேங்க், பைப் வெடிச்சோ வழிஞ்சோ வர்ற சேதத்துக்கு கவர் உண்டு. தீ விபத்துக்கும் உண்டு. ஆனா ஷார்ட் சர்க்யூட்லயோ மின்கசிவுலயோ ஒரு மின்சாதனம் போச்சுன்னா, அந்தச் சாதனத்துக்குப் பணம் தர மாட்டாங்க. விலக்குகள் பக்கத்துல இருக்கு, நாம படிக்காத பக்கம் அதுதான்.

அமெரிக்காவோட மின் விதியில (என்ஈசி) பேனல் அகலத்துக்கு, அதுக்கு மேல 6 அடி வரைக்கும் அல்லது கூரை வரைக்கும், தண்ணிக் குழாய் போகக்கூடாது. நம்ம கொத்தனார்கிட்ட விதி நம்பர் எல்லாம் சொல்ல வேண்டாம். "பெட்டிக்கு நேர் மேல பைப் வேண்டாம், பாத்ரூம் சுவர்ல பெட்டி வேண்டாம்"னு பிளான் போடும்போதே சொன்னா செலவே இல்ல. பூச்சு முடிஞ்ச பிறகுன்னா சுவர் வெட்டணும், ஒயர் நீட்டணும், பெயிண்ட் அடிக்கணும்.

கட்டின வீட்டை வாங்குறீங்களா? பெட்டியை விட்டுட்டு பைப்பை நகர்த்துங்க. நாலு எல்போ, கொஞ்சம் பைப், பிளம்பருக்கு ஒரு நாள் கூலி. அதை விலை பேசும்போதே கழிச்சுக் கேளுங்க. வாடகை வீடுன்னா அட்வான்ஸுக்கு முன்னாடி போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.

பெட்டி ஏற்கனவே நனைஞ்சிருந்தா ஸ்விட்சை அணைக்கக்கூட கை வைக்காதீங்க. மின்வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987.