ஆம்பிள அழப்படாதா?

"ஆம்பிள அழப்படாது" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று கிண்ணியாவில் ஜனாஸாக்களைச் சுமந்த காக்கா ஒருவர் இப்போது கப்பல்துறையில் இருக்கிறார். அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. "நெஞ்சுக்குள்ள கல்லு வெச்ச மாதிரி தம்பி, நித்திரையும் இல்ல" என்கிறார். ஈசீஜீ மூன்று தடவை எடுத்தும் கோளாறில்லையாம்.

ஆண்களிடம் மனச்சோர்வு பல வேளை கண்ணீராக வராது. கோபமாக, உடம்பு நோவாக, நித்திரையின்மையாக வரும். அதனால் வீட்டாருக்கும் பிடிபடுவதில்லை. இலங்கையில் தற்கொலையால் இறப்போரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் ஆண்கள்.

இதை ஈமானின் பலவீனம் என்போரும் நம்மில் உண்டு. யூசுபைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. அழகிய பொறுமை என்று சொன்னவரும் அவரேதான். குழந்தை இப்ராஹீம் மவுத்தானபோது நபியவர்கள் (ஸல்) அழுதார்கள். தோழர் ஒருவர் வியந்து கேட்க, அது ரஹ்மத் என்றார்கள். ஸப்ருக்கு வாயை மூடிக்கொள்வது என்று பொருள் சொன்னது யார்? நாம்தான்.

1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்துடன் தமிழிலும் பேசலாம். இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். காக்கா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வீட்டுல சொல்லிராதீங்க தம்பி."